இலை பாதி, நீர் பாதி

நீலகிரியில் தயாரான ஊலாங் தேயிலைப் பொட்டலம் ஒன்று கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு வீட்டுக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூ மணம், பழச் சாயல், நாக்கில் தங்கும் மெல்லிய இனிப்பு ஆகியவை அதன் குணங்கள் என்று உறையில் அச்சிட்டிருக்கிறது. வழக்கமாக டீ போடுவது போலவே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இலையைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் கிடைப்பது வேறொன்று. நிறம் கலங்கிய பழுப்பு. மேலே மெல்லிய ஏடு. முதல் வாயிலேயே துவர்ப்பு. மணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் செய்யும் ஊலாங் தரமில்லை என்று பெரும்பாலோர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அந்த முடிவு அவசரமானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஊலாங்கின் சுவை மலையில் முடிந்துவிடுவதில்லை. இலைக்குள் என்னென்ன இருக்கும் என்பதை மலையும் தொழிற்கூடமும் தீர்மானிக்கின்றன. அவற்றில் எது எவ்வளவு கோப்பைக்கு வரும், வந்தபின் எப்படி இருக்கும் என்பதைத் தண்ணீரும் அதன் வெப்பமும் தீர்மானிக்கின்றன. சமவெளிக் கடற்கரை ஊர்களில் இந்த இரண்டுமே மலையில் உள்ளதிலிருந்து வெகுவாக மாறுபடுகின்றன.

இலைக்குள் நடப்பது

கருந்தேயிலை, பச்சைத் தேயிலை, ஊலாங் மூன்றும் ஒரே செடியின் இலைகள். தேயிலைச் செல்லின் நடுவே உள்ள நீர்ப்பையில் கேட்டச்சின் எனப்படும் பாலிஃபீனால்கள் தேங்கியிருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யவல்ல நொதிகள் செல்லின் வேறு பகுதிகளில் இருக்கின்றன. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பச்சைத் தேயிலையில் தொடக்கத்திலேயே இலையைச் சூடேற்றி நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். கருந்தேயிலையில் இலையை நன்கு உருட்டியோ நசுக்கியோ செல்களை உடைத்து, ஆக்சிஜனேற்றத்தை முழுமையாக நடக்கவிடுகிறார்கள். ஊலாங் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பறித்த கொழுந்தை வாட்டி, பிறகு மூங்கில் தட்டுகளிலோ சுழலும் உருளைகளிலோ இட்டுக் குலுக்குகிறார்கள். சற்று ஆறவிட்டு மீண்டும் குலுக்குகிறார்கள். இலைகள் ஒன்றோடொன்று உரசுவதால் விளிம்புகளில் மட்டும் செல்கள் நசுங்கிச் சிவக்கின்றன; நடுப்பகுதி பச்சையாகவே நிற்கிறது. தேவையான கட்டம் வந்ததும் சூடேற்றி நொதிகளை நிறுத்தி, உருட்டி உலர்த்துகிறார்கள்.

இந்தக் குலுக்கலில் நடப்பது வெறும் நிறமாற்றம் அன்று. செடியிலிருந்து பறித்த பிறகும் இலை சில மணி நேரம் உயிரோடு இருக்கிறது. நீர் வற்றுவதும் தொடர்ந்து காயப்படுவதும் அதற்கு நெருக்கடி. பூச்சி கடித்தால் ஒரு செடி எப்படி எதிர்வினை காட்டுமோ அந்த வகையில் அது மணப்பொருள்களை உண்டாக்கத் தொடங்குகிறது. மல்லிகையின் மணத்தில் பங்குள்ள இண்டோல், மரமும் பூவும் கலந்த மணமுடைய நெரோலிடால் ஆகிய இரண்டும் ஊலாங் தயாரிப்பில் இலை திரும்பத் திரும்பக் காயப்படுவதால்தான் பெருகுகின்றன. சீனாவில் குவாங்சோ நகரின் தென்சீனத் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் 2016-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இதை விளக்கின. நீலகிரி இலைக்கென்று ஏற்கெனவே ஒரு மணக் கையிருப்பு உண்டு. கொத்தமல்லி விதையில் உள்ள லினலூல், ரோஜாவில் உள்ள ஜெரானியால், வலித் தைலங்களில் நாம் முகர்ந்து பழகிய மெத்தில் சாலிசிலேட் ஆகியவை உயர்மலைத் தேயிலைகளின் மணத்துக்கு அடிப்படையானவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில் இலை மெதுவாக வளர்வதால் நீலகிரியில் மணம் செறிந்த தேயிலை கிடைப்பது அங்கே எல்லோரும் அறிந்தது.

இந்த மணப்பொருள்கள் கோப்பையில் மிக நுண்ணிய அளவிலேயே இருக்கின்றன. அளவு கூடினால் மணமே மாறிவிடும். இண்டோல் மிகுந்தால் பூ மணம் போய் நாற்றம் ஆகிவிடுகிறது. ஆகவே ஊலாங்கின் சுவை என்பது ஒரு தனிப்பொருளின் சுவை அன்று, ஒரு விகிதம். மணப்பொருள்கள், மெல்லிய இனிப்பும் உமாமி எனப்படும் நிறைசுவையும் தரும் தியானைன் முதலிய அமினோ அமிலங்கள், கசக்கும் காஃபீன், துவர்க்கும் கேட்டச்சின்கள், சிவந்த விளிம்பில் உருவான நிறப்பொருள்கள் ஆகியவை எந்த அளவில் கலக்கின்றனவோ அதுதான் சுவை. இவை எல்லாம் ஒரே வேகத்தில் நீரில் இறங்குவதில்லை. அமினோ அமிலங்கள் மிதமான சூட்டிலேயே எளிதாகக் கரைகின்றன. கேட்டச்சின்களும், குறிப்பாகக் கசப்பும் துவர்ப்பும் மிகுந்த பெரிய மூலக்கூறுகளும், சூடும் நேரமும் ஏற ஏற மேலும் மேலும் இறங்குகின்றன. முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்த கருந்தேயிலையில் கேட்டச்சின்களில் பெரும்பங்கு வேறு பொருள்களாக மாறிவிட்டிருக்கும். ஊலாங்கில் கணிசமான பங்கு மாறாமல் மிச்சமிருக்கிறது. ஆகவே காய்ச்சும் முறையில் நேரும் சிறு பிழையும் ஊலாங்கில் உடனே நாக்குக்குத் தெரிகிறது.

ஆறு டிகிரி

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொள்ளலாம். அந்தக் கணக்கில் குன்னூரில் நீர் 94 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கிறது. அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதன் சூடு ஏறாது. கடலூரும் சிதம்பரமும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்கள். இங்கே கொதிநீர் என்றால் 100 டிகிரி. மலையில் ஒருவர் "கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள்" என்று சொன்னால் அவர் சொல்வது 94 டிகிரி. கடற்கரையில் அதைக் கேட்டு நடப்பவர் ஊற்றுவது 100 டிகிரி. ஒரே அறிவுரை, இரண்டு வெவ்வேறு செயல்கள்.

ஆறு டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இலையிலிருந்து பொருள்கள் வெளியேறும் வேகம் வெப்பத்தோடு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. அதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. அதோடு ஊற்றிய பிறகு நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குன்னூரின் குளிர்காலக் காலையில், குளிர்ந்த கோப்பையில் ஊற்றிய நீர் மளமளவென்று ஆறுகிறது. இலை ஊறும் நேரத்தில் பாதிக்கு மேல் 90 டிகிரிக்குக் கீழேயே கழிகிறது. கடலூரின் மே மாதச் சமையலறையில் காற்றே 35 டிகிரியைத் தாண்டி இருக்கும். அங்கே பாத்திரமும் சூடு, காற்றும் சூடு. ஊற்றிய நீர் மெல்லத்தான் ஆறும். ஐந்து நிமிடம் என்று உறையில் இருந்தால், மலையில் அந்த ஐந்து நிமிடத்தில் இலை படுவதைவிடக் கூடுதலான வெப்பத்தை இங்கே அது படுகிறது. கேட்டச்சின்கள் அதிகம் இறங்குகின்றன. எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களோ மூடாத பாத்திரத்திலிருந்து ஆவியோடு போய்விடுகின்றன.

தேயிலை வணிகம் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் இங்கே குழப்பத்தைக் கூட்டுகிறது. சுவைத்துப் பார்ப்பதற்கான தேநீரைத் தயாரிப்பது எப்படி என்று சர்வதேசத் தர அமைப்பு 1980-இல் 3103 என்ற எண்ணில் ஒரு தரத்தை வெளியிட்டது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம். தேயிலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, குறைகளை வெளிக்கொணர்வதற்கான முறை அது. சுவைஞர் தேடுவது குறையை. ஆகவே இலையைக் கடுமையாகச் சோதிப்பது அவருக்கு நியாயம். வீட்டில் குடிப்பவருக்கு அந்த முறை பொருந்தாது. ஆனால் அதே தரத்தில் நம் வாதத்துக்கு நேரடியாக உதவும் ஒரு விதியும் உண்டு. தேயிலையைச் சோதிக்கப் பயன்படுத்தும் நீர், அந்தத் தேயிலை எங்கே குடிக்கப்படுமோ அந்த ஊரின் குடிநீரை ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. நீர் மாறினால் தேயிலையைப் பற்றிய தீர்ப்பே மாறும் என்பதை வணிகம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

மண்ணில் ஊறிய நீர்

கடலூர் மாவட்டத்தின் நீர் ஒரே தன்மை உடையது அன்று. அது ஊறி வரும் மண்ணையும் பாறையையும் பொறுத்தது. நெய்வேலியிலும் அதைச் சுற்றியும் நிலத்துக்கு அடியில் இருப்பது, புவியியலாளர்கள் கடலூர் மணற்கல் என்றே பெயரிட்ட பாறை. பழுப்பு நிலக்கரியை எடுக்கும் சுரங்கத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் பெரும் நீர்த்தேக்கம் இதில்தான் இருக்கிறது; அந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் அங்கே சுரங்கத்தை நடத்த முடியாது. மேற்கே போகப் போகக் கடும்பாறை நிலம். கிழக்கே கடற்கரை ஓரமாகவும் தெற்கே சிதம்பரத்தைச் சுற்றியும் கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் முதலிய ஆறுகள் படியவைத்த வண்டல். கடலோர வண்டலில் ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி இறைக்கும்போது உப்பு நீர் உள்ளே ஏறுகிறது. கெடிலம் படுகையின் நிலத்தடி நீர், பாறைக்குப் பாறை எப்படி வேறுபடுகிறது என்று சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறையினர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இவை தவிர நிலத்தின் மேற்பரப்பு நீரும் உண்டு. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி, கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் கொள்ளிட நீரைத் தேக்குகிறது. காவிரியில் புது நீர் வரும் மாதங்களில் அதன் தன்மை வேறு, வற்றும் கோடையில் வேறு.

தேநீரைப் பொறுத்தவரை நீரில் கரைந்திருப்பவற்றுள் மூன்று முக்கியம்: கால்சியம், பைகார்பனேட், இரும்பு. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரைக் கடின நீர் என்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இவை உடல்நலத்தையும் வீட்டுப் பயன்பாட்டையும் கருதிய எல்லைகள். 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரைக் குடிக்கலாம். அதில் ஊலாங் நன்றாக வராது. ஆழ்துளைக் கிணற்று நீரில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்பது இந்த வட்டாரத்தின் சமையலறைகள் எல்லாம் அறிந்த செய்தி. கால்சியம், பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுவதே காரணம். தேயிலையும் தாவரத் திசுதான். கால்சியம் மிகுந்த நீரில் அதன் சாரம் இறங்குவதும் தடைப்படுகிறது.

கோப்பையின் மேலே படரும் ஏட்டுக்கும் இதே கால்சியம்தான் காரணம். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் ஸ்பைரோவும் டியோகிராட்டியஸ் ஜகன்யியும் 1993-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஏடு உருவாகிறது. தேநீரின் பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப் பாலிஃபீனால்கள் பெரிய மூலக்கூறுகளாகத் திரள்கின்றன. அவற்றோடு கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து படலம் ஆகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் ஏடு மறைவதும் இதனால்தான்: அமிலம் பைகார்பனேட்டை அழிக்கிறது, சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏடு வெறும் அழகுக் குறை அன்று. கோப்பையில் இருக்க வேண்டிய பாலிஃபீனால்கள் வேறொன்றாக மாறிவிட்டன என்பதற்கு அது கண்ணுக்குத் தெரியும் சாட்சி.

பைகார்பனேட் இன்னொரு வேலையும் செய்கிறது. நல்ல நீரில் இறக்கிய தேநீர் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். நாக்கில் படும்போது தோன்றும் அந்தத் துடிப்பு, பழச் சாயலைத் தூக்கிக் காட்டும் அந்தக் கூர்மை, இந்த அமிலத்தன்மையால் வருவது. பைகார்பனேட் அமிலத்தை முறித்துப் பி.எச். அளவை 7-க்கு அருகே கொண்டுபோகிறது. அந்த நிலையில் கேட்டச்சின்கள் நிலையாக இருப்பதில்லை; தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன, நிறம் கறுக்கிறது. லினலூலும் ஜெரானியாலும் கால்சியத்தால் அழிந்துவிடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவை கோப்பையில் இருக்கின்றன. ஆனால் மணத்தையும் சுவையையும் மூளை தனித்தனியே படிப்பதில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே அனுபவமாக்குகிறது. சிறிதும் புளிப்பில்லாத மாம்பழச் சாறு எவ்வளவு மணந்தாலும் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுவே. மூன்றாவது பொருளான இரும்பு குறைந்த அளவிலேயே கெடுக்கும். வாளியிலும் குளியலறைத் தரையிலும் செங்காவிக் கறை படியவைக்கும் நீரில் தேயிலையைப் போட்டால், இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்து கருநீலச் சேர்மமாகின்றன. பழைய காலத்து எழுத்து மை இதே வினையில்தான் தயாரானது.

மறுப்புகள்

இதைக் கேட்டதும் எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இதே தண்ணீரில்தான் டீக்கடைகளில் அருமையான டீ கிடைக்கிறது. தண்ணீர் இவ்வளவு முக்கியம் என்றால் அது எப்படிச் சாத்தியம்? விடை பாலில் இருக்கிறது. டீ மாஸ்டர் பயன்படுத்துவது தூள் தேயிலை. சி.டி.சி. இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கிய அந்தத் தேயிலை விரைவாகவும் முழுமையாகவும் சாரம் இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதில் வரும் கடுந்துவர்ப்பைப் பாலின் கேசின் புரதம் பிணைத்து அடக்கிவிடுகிறது. ஒரு லிட்டர் பாலிலேயே ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், தண்ணீரில் இருநூறு கூடினாலும் குறைந்தாலும் அங்கே பெரிதாகத் தெரியாது. சர்க்கரையும் தன் பங்குக்கு மூடி மறைக்கிறது. டீக்கடையின் முறை தவறானது அன்று; தூளுக்கும் பாலுக்கும் அது மிகச் சரியான முறை. பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்க வேண்டிய ஊலாங்குக்கு அந்த முறையை அப்படியே எடுத்துவருவதுதான் தவறு. மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் தண்ணீர் தன்னைக் காட்டிவிடுகிறது.

தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்தால் கடினத்தன்மை போய்விடுமே என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. கால்சியம் பைகார்பனேட் கொதிக்கும்போது சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. பாத்திரத்தின் அடியில் தங்கும் வெள்ளைப் படிவு அதுதான். பத்து நிமிடம் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்தால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் குளோரைடு, சல்ஃபேட் வடிவில் இருக்கும் கால்சியம் கொதித்தாலும் போகாது. கடலோரக் கிணறுகளில் கவலைப்பட வேண்டியது இந்த வகையைத்தான். சோடியம் குளோரைடும் போகாது. நீர் ஆவியாக ஆக உப்பு செறிவடையவே செய்யும். நெடுநேரம் கொதிக்கவைப்பது, உப்பு நீருக்கு மருந்தாகாது.

அப்படியானால் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே, அதோடு சிக்கல் தீர்ந்தது என்பது மூன்றாவது மறுப்பு. இன்று இரண்டு ஊர்களிலும் பல வீடுகளில் ஆர்.ஓ. நீரோ கேன் தண்ணீரோதான் குடிநீர். அதில் ஏடு வராது, நிறம் தெளிவாக இருக்கும். ஆனால் ஒன்றுமில்லாத நீர் எல்லாவற்றையும் வேகமாக இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் குழாய் நீரையும், தாது குறைந்த புட்டி நீரையும், தாது முற்றும் நீக்கிய நீரையும் ஒப்பிட்டார்கள். தாது குறைந்த நீரில் இறக்கிய பச்சைத் தேயிலையில் முதன்மைக் கேட்டச்சின் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது, அது கசந்தது. குழாய் நீரில் இறக்கியதையே குடித்தவர்கள் கூடுதலாக விரும்பினார்கள், கசப்புக் குறைவாக இருந்ததால். பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்த ஊலாங், இந்த வகையில் பச்சைத் தேயிலைக்குப் பக்கத்து உறவு. ஆகவே ஆர்.ஓ. நீர் ஒரு கேட்டைப் போக்கி இன்னொன்றைக் கொண்டுவருகிறது. ஆனால் இந்த இரண்டாவது கேட்டுக்கு எளிய மாற்று உண்டு: சூட்டையும் நேரத்தையும் குறைத்துவிட்டால் போதும். கடின நீரால் வரும் மந்தத்தை எந்தச் சூடும் நேரமும் சரிசெய்யாது. இலையைக் கூடுதலாகப் போட்டால் கனம் கூடும், துடிப்பு வராது.

நான்காவது மறுப்பு, தேயிலையை அறிந்தவர்கள் எழுப்புவது. தைவானின் உயர்மலை ஊலாங்கை எந்தத் தண்ணீரில் போட்டாலும் அதன் மணம் தெரிகிறது. நீலகிரி ஊலாங்குக்கு மட்டும் இத்தனை பத்தியம் எதற்கு? அப்படியானால் குறை இலையில்தானே? இதில் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தைவானிலும் சீனத்தின் ஃபுஜியான் மாகாணத்திலும் ஊலாங்குக்கென்றே தேர்ந்தெடுத்த செடி வகைகள் உண்டு. குலுக்குவதிலும் வறுப்பதிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கைத்தேர்ச்சி உண்டு. நீலகிரியின் தோட்டங்கள் கருந்தேயிலைக்காக வளர்ந்தவை. அங்கே பெரும்பாலான உற்பத்தி இன்றும் சி.டி.சி. தூள், ஊலாங் சில தோட்டங்களும் சிறு கூடங்களும் மட்டும் செய்வது. அங்குள்ள செடிகளில் அஸ்ஸாம் வகையின் கலப்பு மிகுதி. அந்த வகை இலையில் பாலிஃபீனால்களும் மிகுதி. நல்ல மணமுள்ள சிஆர்-6017 போன்ற தேர்வுச் செடிகள்கூடக் கருந்தேயிலையை மனத்தில் வைத்துப் பரப்பப்பட்டவை. ஆக, நீலகிரி ஊலாங் பிழை பொறுக்காத இலை என்பது உண்மை. ஆனால் அதனாலேயே தண்ணீரின் பங்கு குறைந்துவிடுகிறதா? கூடவே செய்கிறது. கேட்டச்சின் மிகுந்த இலைதான் ஆறு டிகிரி வெப்ப வேறுபாட்டை உரக்கச் சொல்லும்; பைகார்பனேட் மிகுந்த நீரில் அதிகம் கறுக்கும். இலையின் குறை என்று நாம் பார்ப்பதில் எவ்வளவு இலையுடையது, எவ்வளவு நீருடையது என்பது, நீரை மாற்றிப் பார்க்கும்வரை தெரியாது. நீரை மாற்றாமல் இலைக்குத் தீர்ப்பு எழுதுவது சோதனையாகாது.

கடற்கரைக்கான முறை

எட்டாம் நூற்றாண்டில் தேநீருக்கென்று முதல் நூலை எழுதிய சீனத்தின் லூ யூ, மலை ஊற்று நீர் சிறந்தது, ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி என்று வரிசைப்படுத்தினார். வேதியியல் பிறப்பதற்கு முன்பே நாக்கு கண்டுபிடித்த வரிசை அது. மண்ணில் நெடுநாள் ஊறாத நீரில் தாது குறைவு என்பதே அதன் பொருள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் மலை ஊற்று இல்லை. வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும் மாவட்டம் இது. மழைநீர் இயற்கையே வடித்துத் தரும் மென்னீர். 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நிலத்தடி நீரைக் காப்பதற்காக. அந்த அமைப்பைச் சீராக வைத்திருப்பது காலப்போக்கில் கிணற்று உப்பைக் குறைக்கும் வழியும் ஆகும். தேநீர் அதில் பெறுவது சிறு பங்கு. முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, பிறகு சுத்தமாகப் பிடித்து, வடிகட்டிக் கொதிக்கவைத்த மழைநீர் ஊலாங்குக்கு மிக ஏற்றது. அது இல்லாதபோது ஆர்.ஓ. நீர் மூன்று பங்கும், உப்பில்லாத நல்ல குழாய் நீர் ஒரு பங்கும் கலந்தால் போதும்; தாது முற்றும் அற்ற நிலையும் இல்லை, மிகுந்த நிலையும் இல்லை. இரும்புக் கறை படியவைக்கும் நீரைக் கலப்புக்கும் பயன்படுத்த வேண்டாம்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 150 மில்லிலிட்டர் நீருக்கு 3 கிராம் இலை. நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, வேறொரு எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, 90 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகம் தேவையில்லை. ஆர்.ஓ. நீர் மட்டும் என்றால் 85 டிகிரி போதும். நீரை ஊற்றியதும் மூடி போட வேண்டும், மணம் ஆவியோடு போகாமல் இருக்க. இரண்டு நிமிடத்தில் முழுதாக வடித்துவிட வேண்டும். இலை நீரிலேயே கிடக்கக் கூடாது. அதே இலையில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும், ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் கூட்டி, மீண்டும் நீர் ஊற்றலாம். ஐந்து நிமிடத்தில் ஒரே மூச்சாகப் பிழிந்தெடுப்பதைப் பகுதி பகுதியாகப் பெறுவதால் ஒவ்வொரு கோப்பையிலும் விகிதம் காக்கப்படுகிறது. நீலகிரி ஊலாங் பெரும்பாலும் உருண்டையாக இறுகாமல் முறுக்கிய இலையாக வருவதால் சாரம் விரைவில் இறங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்னொன்று சேமிப்பு. கடற்கரைக் காற்றின் ஈரத்தை உலர்ந்த இலை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரமும் சூடும் சேர்ந்தால் மணம் சில வாரங்களிலேயே பழசாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தொலைவாக, சிறிய அளவுகளில் வைத்துக்கொள்வதே வழி.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டீ என்ற வணிகப்பெயரில், கடின நீர் உள்ள வட்டாரங்களுக்கென்றே தனிக் கலவை விற்கப்படுகிறது. ஒரே நாட்டுக்குள் நீர் மாறுவதற்கு ஏற்ப இலையை மாற்றும் வணிகம் அங்கே நடக்கும்போது, 1,850 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கிவரும் நம் ஊலாங்கின் உறையில் நீரைப் பற்றி ஒரு வரியாவது இருக்க வேண்டும். எந்த வெப்பம், எவ்வளவு நேரம், எந்த வகை நீர் என்பதைத் தமிழில் அச்சிடுமாறு நீலகிரித் தயாரிப்பாளர்களைக் கேட்பது வாங்குவோரின் உரிமை. அதற்கு முன் வாசகர்கள் தாமே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரே பொட்டலத்திலிருந்து சம எடையில் மூன்று பங்கு இலை எடுங்கள். ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீர், ஒன்றில் ஆர்.ஓ. நீர், ஒன்றில் மழைநீரோ கலப்பு நீரோ ஊற்றுங்கள். வெப்பமும் நேரமும் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். எது எந்த நீர் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சுவைக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தால் இந்த அத்தியாயத்தின் வாதத்தைத் தள்ளிவிடலாம். வேறு வேறாக இருந்தால், இந்திய ஊலாங்கைப் பற்றிய தீர்ப்பை அந்த மூன்றாவது கோப்பையை வைத்தே எழுதுங்கள்.